பால் தேத்தண்ணி நிறத்தில் ஒயில்

நோயாளி இருக்கிற வீட்டுக்கு வந்து மருந்து சொல்லாமல் போன ஆளும் இல்லை, சத்தம் போடுகிற வாகனத்தைப் பார்த்து அதற்கு ஊற்ற ஒயில் சொல்லாமல் போன ஆளும் இல்லை. பஸ்ரியாம்பிள்ளையின் வீட்டில் இரண்டுமே இருந்தன. ஆகவே இரண்டு வருடமாக அந்த வளவுக்குள் வந்த எவரும் ஆளுக்கு இரண்டு யோசனையாவது விட்டுவிட்டுத்தான் போனார்கள். தேத்தண்ணி குடித்தவர்கள் மூன்று.

புதன்கிழமை பின்னேரம் அவர் தன்னுடைய பிக்கப் வாகனத்தின் பின்பக்கத்தை ஜக்கில் தூக்கிவைத்துவிட்டு, சாக்கை விரித்து அதன் கீழே மல்லாந்து கிடந்தார். பின்சில்லுகள் இரண்டுக்கும் நடுவே பூசணிக்காய் அளவில் ஓர் இரும்புக் குடம் இருக்கிறதே, எஞ்சினின் சுற்றலை வாங்கிச் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது, அதை டிபரன்சல் என்பார்கள். அதன் அடி நட்டைக் கழற்றினார். நாலு கிழமைக்கு முன் அவர் கையாலே ஊற்றிய ஒயில் நல்ல தேன் நிறத்தில் இருந்தது. இப்போது வெளியே வந்தது பால் தேத்தண்ணி.

அவருக்குக் கோபம் வரவில்லை. முதல் தடவை வந்தது, இரண்டாம் தடவையும் வந்தது. மூன்றாம் தடவை கோபப்பட உடம்பில் கொஞ்சமாவது தெம்பு வேண்டும். ஐம்பத்தொன்பது வயதில், விடிய நாலரைக்கு எழும்பி, ஐஸ் பெட்டி ஏற்றி இறக்கி, வீட்டுக்கு வந்து உலை வைத்து, அதன் பிறகு வாகனத்துக்குக் கீழே படுக்கிறவனுக்கு அந்தத் தெம்பு எங்கிருந்து வரும்? ஒயில் ஒழுகி முடியும்வரை பார்த்துக்கொண்டு கிடந்தார்.

வெள்ளிக்கிழமை விடிய மேரிறோஸை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மேரிறோஸ் அவருடைய மனைவி. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு இரண்டு வருடம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு அவள் அங்கே கட்டிலில் படுத்துவிட வேண்டும். மெஷின் நாலு மணித்தியாலம் அவளுடைய இரத்தத்தை வாங்கிக் கழுவித் திருப்பித் தரும். ஊர்காவற்றுறையிலிருந்து பஸ் இல்லாமல் இல்லை. ஆனால் பஸ்ஸின் முதல் படி அவளுக்கு மலை. ஒரு தடவை எப்படியோ ஏறிப் போனவள், திரும்பி வரும்போது தலைசுற்றி நடுவழியில் கொண்டக்டரின் மேல் விழுந்தாள். ஓட்டோவின் குலுக்கலுக்கு வாந்தி. பிக்கப்பின் முன் சீற்றில் மட்டும்தான் தலையணை வைத்துச் சரிந்து படுத்துக்கொண்டு வரலாம்.

போன மார்கழி வெள்ளத்தில் ஒரே ஒரு செவ்வாய் தவறியது. வியாழனுக்குள் கால்கள் இரண்டும் வீங்கி, மூச்சு முட்டி, வெள்ளி காலை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவளுடைய சொண்டு நீலம் பாரித்திருந்தது. இன்னொரு முறை இப்படிக் கொண்டுவராதீர்கள் என்று டொக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். மெதுவாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது.

ஆக, அந்த இரும்புக் குடம் சுற்றும்வரைதான் மேரிறோஸ். அதற்குள் இருக்கிற பல்சக்கரங்கள் ஒரு தடவை தேய்ந்து போய், கொழும்பில் மூன்று மாதம் தேடிப் பழைய சாமான் ஒன்று எடுத்துப் போட்டிருந்தது. இந்த மொடலுக்கு இனிக் கேட்டு வராதே என்று அந்தக் கடைக்காரன் கையை விரித்துவிட்டான். போட்டு ஒரு வருடம்கூட இல்லை, அதுவும் ஊளையிடத் தொடங்கிவிட்டது. நாற்பதில் முனகும், ஐம்பதில் அழும். செவ்வாய்க்கிழமை, தீவை யாழ்ப்பாணத்தோடு சேர்க்கிற பண்ணைப் பாலத்தில் அது போட்ட சத்தத்துக்கு, கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒயிலைக் குறை சொன்னவர்கள் பலர். முதலில், நூற்றிநாற்பது நம்பர் ஒயில் ஊற்று, தடிப்பாக இருந்தால் சத்தம் அடங்கும் என்றார் துறைமுகத்தடிக் கடைக்காரர். பெரிய இரும்புப் பரலில் இருந்து அளந்து தந்தார். அது ஆறு கிழமையில் பாலாகியது. கரையில் மீன் சேர்த்து வைக்கிற வாடிக்கு ஏற்ற வந்த லொறிச் சாரதி, உனக்கு ஆர் நூற்றிநாற்பது சொன்னது, தொண்ணூறு ஊற்ற வேண்டுமென்று தலையில் அடித்துக்கொண்டான். தொண்ணூறும் பாலாகியது. கனடாவிலிருந்து லீவில் வந்த அவருடைய ஒன்றுவிட்ட தம்பி, இதெல்லாம் கள்ள ஒயில், நான் வாங்கித் தருகிறேன் என்று சீல் உடைக்காத தகரப் பேணி ஒன்று கொண்டுவந்து தந்தான். அதன் மேல் எழுதியிருந்ததை வாசிக்கவே ஒரு பின்னேரம் போனது. அதுதான் இப்போது சட்டிக்குள் பால் தேத்தண்ணியாக நின்றது. கள்ள ஒயிலும் நல்ல ஒயிலும் அவருடைய வாகனத்துக்குள் போனால் ஒரே சாதி.

மேரிறோஸின் தம்பி சில்வெஸ்ரர் அந்த நேரம் பார்த்து வந்தான். பஸ்ரியாம்பிள்ளை முப்பத்தெட்டு வருடம் கடலுக்குப் போனவர். கடலின் நேரமும் ஆஸ்பத்திரியின் நேரமும் ஒத்துவராததால் படகைச் சில்வெஸ்ரரிடம் கொடுத்துவிட்டு, பிக்கப்பை வைத்துக் கரையில் மற்றவர்களின் படகை இழுத்து விடுவதும் நண்டுப் பெட்டி ஏற்றுவதுமாகக் காலத்தை ஓட்டுகிறார். சில்வெஸ்ரர் சட்டியைக் குனிந்து பார்த்தான், மணந்து பார்த்தான். மரத்தூளை அரித்து ஒயிலோடு குழைத்து ஊற்றினால் சத்தம் அப்படியே நின்றுவிடும் என்றான். தன்னுடைய சிநேகிதன் ஒருவன் அப்படிச் செய்துதான் வான் ஒன்றை விற்றானாம். விற்கிறவனுக்கு அது சரி, ஓடுகிறவனுக்கு என்ன செய்வது என்று பஸ்ரியாம்பிள்ளை கேட்டார். சில்வெஸ்ரர் அதை யோசிக்கவில்லை.

குசினி வாசலில் கதிரையைப் போட்டு மேரிறோஸ் இருந்தாள். தம்பி போனதும், பாலாகிவிட்டதோ என்று கேட்டாள். அவர் ஓம் என்றார்.

"அதுவும் என்னை மாதிரித்தான். எதை ஊத்தினாலும் உள்ளுக்குத் தண்ணி நிக்குது."

அவர் நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை ஒருநாள் நிக்கட்டுமன். வாகனமும் நிக்கட்டும், நானும் நிக்கிறன்."

அவர் கேட்காத மாதிரி எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். இது அவள் முதல் தடவை சொல்வதல்ல. ஊசி ஏற்றுகிற கை, காய்த்த முருங்கைக் கிளை மாதிரி முண்டும் முடிச்சுமாகப் போய்விட்டது. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். மீன்காரனின் பெண்சாதியாக இருந்தும், ஆசைப்பட்ட கருவாட்டைக் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் பதில் அவரிடம் இல்லை. வாகனத்துக்காவது ஒரு பதில் இருக்கும் என்று நம்பினார். அதனால்தான் மனிதன் அந்த ஒயிலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

வியாழன் காலை, மூலையில் கிடந்த பழைய ஒயில் இரண்டு லீற்றரை ஊற்றிக்கொண்டு வேலணைக்கு விட்டார். அங்கே மீனலோசனியின் வாகன உதிரிப்பாகக் கடை இருக்கிறது. தகப்பன் நடத்திய கடை. தகப்பன் படுக்கையில் விழுந்த பிறகு பொறுப்பெடுத்தவள், இருபது வருடமாக அந்த மேசையை விட்டு எழும்பவில்லை. அவளிடம் ஒரு பல்ப் வாங்குவதைவிட விசா எடுப்பது சுகம் என்று ஊரில் சொல்வார்கள். எந்த வாகனம், எத்தனையாம் ஆண்டு, பழையதுக்கு என்ன நடந்தது, ஆர் கழற்றியது, எல்லாம் சொன்னால்தான் சாமான் மேசைக்கு வரும். அதற்குப் பயந்தே பஸ்ரியாம்பிள்ளை இவ்வளவு நாளும் அந்தப் படி ஏறாமல் இருந்தார்.

டிபரன்சலுக்கு இருக்கிறதில் தடித்த ஒயில் தரச் சொன்னார். அவள் எழும்பவில்லை. இதுவரை என்னென்ன ஊற்றினீர்கள் என்றாள். சொன்னார். ஒவ்வொன்றும் வெளியே வரும்போது என்ன நிறம் என்றாள். சொன்னார். கடைக்குள் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களுக்கும் சுவாரசியம் வந்துவிட்டது.

"ஒயில் விக்கிற நான் சொல்லுறன் அண்ணை, உங்களுக்கு இப்ப தேவை ஒயில் இல்லை. நீங்கள் எதை ஊத்தினாலும் அது கடலோட கலக்குது. முதல்ல கடலை வெளியில விடுங்கோ."

கடல் உள்ளே போக வழியே இல்லை என்று அவர் அடித்துச் சொன்னார். நட்டெல்லாம் தானே இறுக்குவது. அவருக்கு ஓட்டையைப் பற்றிப் பாடம் எடுக்கவோ இந்தப் பிள்ளை என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

"உங்கட கரையில வாகனத்தின்ர பின்பக்கத்தைக் கடலுக்குள்ள இறக்கித்தானே படகு இழுக்கிறியள். அந்தக் குடத்துக்கு மேல ஒரு சின்ன மூக்கு இருக்கும், சுண்டுவிரல் நுனியளவு. அதாலதான் அது மூச்சு விடுறது. அது திறந்திருக்கோ?"

பஸ்ரியாம்பிள்ளைக்கு அந்த மூக்கைத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன், தன்னுடைய படகை இழுக்க முதன்முதல் பிக்கப்பைக் கடலுக்குள் பின்பக்கமாக இறக்கின நாளே அவர் அந்த மூக்கைக் கண்டுவிட்டார். தண்ணீர்மட்டத்துக்குக் கீழே ஓர் ஓட்டை. கடல்காரனுக்கு அதைவிட வேறு எதிரி உண்டோ? அன்று பின்னேரமே படகு ஒட்டுகிற பைபர் பாயில் ஒரு துண்டு வெட்டி, பசையைக் குழைத்து, மூக்கை மூடி ஒட்டி, காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கினார். படகின் அடிவயிற்றுக்கு எப்படிச் செய்வாரோ அப்படி. வாகனம் செய்தவனுக்குக் கடல் தெரியாது என்று சொல்லிச் சிரித்தார். கரையில் அதைப் பார்த்தவர்கள் தங்களுடையதுக்கும் செய்து தரச் சொன்னார்கள். செய்து கொடுத்தார், காசுகூட வாங்கவில்லை. சில்வெஸ்ரரின் உழவு இயந்திரம், கடற்றொழிலாளர் சங்கத்தின் குட்டி லொறி, இன்னும் ஐந்து. ஏழு வாகனங்களுக்கு.

மீனலோசனி அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, மேசை லாச்சியைத் திறந்துகொண்டே விளக்கினாள். ஓடும்போது குடம் சூடாகும். உள்ளே இருக்கிற காற்று ஊதும். மூக்குத் திறந்திருந்தால் அதால் போய்விடும். அடைத்திருந்தால், சில்லடியில் ஒயிலைத் தடுத்து நிற்கிற ரப்பர் சீலைத் தள்ளிக்கொண்டு ஒயிலோடு வெளியே வரும். பிறகு சூட்டோடு சூடாகக் கடலுக்குள் இறக்கினால் குடம் சட்டென்று ஆறி உள்ளே இழுக்கும். காற்றை இழுக்க மூக்கு இல்லை. அதே சீலால் கடலை இழுக்கும். திறந்த மூக்கும் தண்ணீருக்குள் தாழ்ந்தால் நல்லதில்லைத்தான். அதற்குக் குழாய் போட்டு மேலே எடுக்க வேண்டுமே தவிர அடைக்கக் கூடாது.

"இந்த ஒரு வருசத்தில உங்கட கரைக்கு மட்டும் பதினெட்டு ஒயில் சீல் குடுத்திருக்கிறன். அங்க என்ன, சீலைக் கறி வைக்கிறவையோ எண்டு நான் யோசிச்சனான்."

நின்ற இருவரும் சிரித்தார்கள். பஸ்ரியாம்பிள்ளையும் சிரித்து வைத்தார். பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார்.

பார்க்க ஒன்றும் இருக்கவில்லை, தெரிந்த விஷயம்தான். இருந்தும் பூவரசின் கீழே நின்ற வாகனத்துக்கு அடியில் உடுத்த சறம் புழுதியாகப் புகுந்து, கையை மேலே விட்டுத் தடவினார். வழவழவென்று ஒரு சின்ன மொட்டு. மூன்று வருடம் உப்பில் கிடந்தும் ஓரம் கிளம்பவில்லை, வெடிக்கவில்லை. நல்ல வேலை. அவர் செய்த எந்த வேலையையும் போல அதுவும் நல்ல வேலையாக இருந்ததுதான் கொடுமை. பரல் ஒயிலை ஏசினார், லொறிக்காரனை ஏசினார், பேணி கொண்டுவந்தவனின் முதுகுக்குப் பின்னால் கனடாவையே ஏசினார். கடைசியில் அவள் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிற இடத்துக்குள் கடலை ஊற்றியது தன்னுடைய கைதான். கையை எடுக்காமல் அப்படியே கிடந்தார். ஒரு நாய் வந்து கால் பெருவிரலை மணந்துவிட்டுப் போனது.

திரும்பக் கடைக்குள் ஏறியபோது அந்த இருவரும் இன்னும் நின்றார்கள். முந்தி வைத்திருந்தவன் செய்த வேலை என்று சொல்லத்தான் படியேறும்போது நினைத்திருந்தார். வாய் வேறு சொன்னது.

"நான்தான் அடைச்சனான். எனக்கு மட்டுமில்லை, ஏழு பேருக்கு அடைச்சுக் குடுத்தனான்."

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. மீனலோசனி எழும்பினாள். அவள் எழும்பியதே ஒரு மரியாதை மாதிரி இருந்தது. சீல் மூன்று, புது மூக்கு ஒன்று, நாலு முழம் ரப்பர் குழாய் எடுத்து வைத்தாள். பிறகு ஒயிலுக்குப் போனாள். இப்போதுதான் ஒயிலுக்கு நேரம் என்றாள். இந்தக் குடத்துக்குள் பல்லும் பல்லும் நேராகக் கடிப்பதில்லை, ஒன்றையொன்று உரசி வழுக்கிக்கொண்டுதான் சுற்றும். அதைத் தாங்குகிற மருந்து கலந்த ஒயில்தான் வேண்டும். பேணியில் ஜீ.எல். ஐந்து என்று இருக்க வேண்டும், நாலு என்று இருந்தால் அது கியர்பொக்ஸுக்கு. தடிப்பு எண்பது - தொண்ணூறு. நூற்றிநாற்பது பாவமொன்றும் இல்லை, எங்கள் வெயிலுக்குத் தாங்கும். ஆனால் வாகனத்தோடு வந்த புத்தகம் இதைத்தான் சொல்கிறது, புத்தகம் எழுதினவனோடு நீங்கள் ஏற்கனவே ஒருதரம் சண்டை பிடித்துவிட்டீர்கள். மட்டை ஒன்றில் எல்லாவற்றையும் எழுதி, பக்கத்து ஒழுங்கையில் கராஜ் வைத்திருக்கும் சயந்தனிடம் கொடுக்கச் சொன்னாள்.

சயந்தன் நாற்பது வயது மட்டில் இருப்பான், வாய் அதிகம் இல்லாத ஆள். மட்டையை வாசித்தான், கீழே புகுந்தான். சின்னத் துளையியை வைத்து அந்த மொட்டைத் துளைத்தான். ஓடி வந்த சூடு இன்னும் ஆறவில்லை. துளை விழுந்ததும் உள்ளே அடைபட்டுக் கிடந்த காற்று ஒரு பெருமூச்சோடு வெளியே வந்தது. பிறகு குடத்தைத் திறந்து, உப்பும் பழைய ஒயிலும் போகக் கழுவி, சீல்களை மாற்றி, மூக்கிலிருந்து குழாயை வண்டிச் சட்டத்தோடு கட்டி, சாரதி இருக்கைக்குப் பின்னால் உயரத்தில் கொண்டுவந்து விட்டான். தேன் நிற ஒயில் விளிம்பில் வழியுமட்டும் போனது. அதற்குள் பின்னேரம் மூன்று மணி.

பல்சக்கரத்தில் இரண்டு பல்லு தின்னுப்பட்டிருக்கிறது என்று அவன் சொன்னான். பெயரிங்கும் முந்தினமாதிரி இல்லை. ஓடும், எவ்வளவு காலமென்று தன்னிடம் கேட்கக் கூடாது. ஓடிவந்த கையோடு கடலுக்குள் இறக்கவும் கூடாது, அரை மணித்தியாலம் ஆறவிட வேண்டும். பஸ்ரியாம்பிள்ளை எல்லாவற்றுக்கும் ஓம் போட்டார். இந்த மாதிரி ஓடும், ஆனால் காலம் கேட்காதே என்ற கதையை அவர் டொக்டரிடமும் கேட்டவர்தான்.

அன்று பின்னேரம் ஏழு வீட்டுக்கும் போய்ச் சொன்னார். களைத்த காலோடு ஒவ்வொரு படலையாகத் திறந்து, நான் அடைத்ததைத் திறந்துவிடு என்று சொல்வது லேசான வேலை இல்லை. இருவர் நம்பவில்லை. சங்கத்து லொறிக்காரன், ஓட்டையைத் திறந்துவிட்டால் தண்ணி வராதாம், அடைத்தால்தான் வருமாம், உமக்கு வெயில் பிடித்துவிட்டது என்றான். சில்வெஸ்ரர் மட்டும், அப்படியென்றால் தான் இவ்வளவு நாளும் மாற்றின சீலெல்லாம் அத்தானின் கணக்கில்தானா என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனே போய் இரண்டு கருவாடு எடுத்து வந்து பையில் போட்டுவிட்டான். மேரிறோஸ் சாப்பிட ஏலாது என்பது பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு மேரிறோஸைத் தூக்கி இருத்தி, முதுகுக்குத் தலையணை வைத்து, வாகனத்தை எடுத்தார். வேலணை தாண்டி, அல்லைப்பிட்டியில் வேகமுள் ஐம்பதைத் தொட்டது. எஞ்சின் சத்தம், காற்றுச் சத்தம், அவ்வளவுதான். அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அறுபது. ஊளையென்று சொல்ல ஒன்றும் இல்லை, காதை வைத்துத் தேடினால் எங்கோ அடியில் ஒரு மெல்லிய இரைச்சல். மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒயில் சரி. அவள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார். அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பண்ணைப் பாலத்தில் ஏறியதும், சத்தம் நின்றுவிட்டதே என்று கேட்டாள். ஓம் என்றார். மூக்கை அடைத்தது தான்தான் என்பதையும் சொல்லிவிட்டார். அவர் திரும்பிப் பார்த்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், முகத்தைச் சுளிக்காமல், கண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அவர் வாகனத்தைப் பாலத்தின் ஓரத்தில் நிறுத்தினார். இரண்டு பக்கமும் கடல், வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. நோகுதோ என்று கேட்டார்.

"இல்லை. நான் இது நிண்டு போகவேணுமெண்டு மாதாவை மன்றாடினனான். ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் சத்தம் கூடக்கூட எனக்கு உள்ளுக்குச் சந்தோசம். வாகனம் நிண்டா ஒருத்தரும் என்னைக் குறை சொல்ல ஏலாது. நான் வரமாட்டன் எண்டு சொன்னதா இருக்காது. நீங்கள் கீழ கிடந்து ஒயில் மாத்தேக்க நான் குசினிக்குள்ள இருந்து அதைத்தான் கேட்டனான்."

லொறியொன்று கடந்துபோக வாகனம் ஒருதரம் ஆடியது. பஸ்ரியாம்பிள்ளை ஸ்ரியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை. வந்ததெல்லாம் ஒரு வெட்கம். செவ்வாய்க்கிழமை இதே பாலத்தில், அந்தச் சத்தம் உச்சத்துக்குப் போனபோது, அவருக்குள்ளும் ஒன்று ஓடியது. அதை அவர் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம்கூடச் சொல்லமாட்டார்.

"மேரி, செவ்வாக்கிழமை எனக்கும் ஒருக்கா அப்பிடி வந்தது. இதிலயே உடைஞ்சு நிண்டா என்ர பிழையில்லைத்தானே, வீட்டை போய்ப் படுக்கலாமெண்டு. ஒரு நிமிசம்தான். வந்தது வந்ததுதான்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏச்சு இருக்கும் என்று நினைத்துத்தான் அவர் தலையைக் குனிந்தார். அவள் ஊசிக்கையைத் தூக்கி அவருடைய தோளில் வைத்தாள். அந்தக் கையை அவள் இரண்டு வருடமாக ஒன்றிலும் முட்டவிடுவதில்லை.

கடலில் சிறகுவலைக் கம்புகளுக்கு நடுவே ஒருவன் மரக்கோலை ஊன்றி வள்ளம் தாங்கிக்கொண்டு போனான். அவன் ஒரு கம்பிலிருந்து அடுத்த கம்புக்குப் போகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறரை ஆகிவிட்டது. பஸ்ரியாம்பிள்ளை கியரில் கையை வைத்தார், போடவில்லை. சொல்லும்போது குரல் அவருடையது மாதிரி இல்லை. ஆனால் சும்மா சொல்லவில்லை, சொன்னால் செய்கிற மனதோடுதான் சொன்னார்.

"நீ சொல்லு. திருப்பச் சொன்னாத் திருப்பிறன். போகச் சொன்னாப் போறன். இண்டைக்கு நீ சொல்லுறதுதான்."

மேரிறோஸ் முன்கண்ணாடியால் பாலத்தின் அந்தத் தொங்கல் முனையைப் பார்த்தாள். யாழ்ப்பாணம் அங்கே வெளிச்சமாகத் தெரிந்தது. பிறகு இருந்த இருப்பில் கழுத்தைத் திருப்பி, வந்த பக்கத்தையும் பார்த்தாள்.

"ரெண்டு வருசத்தில இதை என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை," என்றாள்.

அவள் சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள், தலையணையைச் சரி செய்தாள்.

"நீங்கள் கேட்டதே எனக்குப் போதும். எடுங்கோ, நேரம் போகுது."